ஒரு பொய் மட்டும் கலக்கவும்

எர்ணாவூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வலது பக்கம் கடல். இடது பக்கம் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகள். வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. டிரைவர்கள் இறங்கி, லாரிக்கு அடியில் இருந்த நிழலில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மதியம் மூன்று மணி இருக்கும். என் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. நாலு மூலையிலும் குண்டூசி ஓட்டை. திருவொற்றியூரில் நான் கதை எழுதச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தின் சுவரில் இருந்த தாள் அது. இனி வர வேண்டாம் என்று அந்தப் பள்ளியில் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வேலை போவது எனக்குப் புதிதல்ல. அன்று நான் நினைத்துக்கொண்டு நடந்தது என் வேலையைப் பற்றியும் அல்ல. என் மாணவி ஒருத்தியின் அப்பாவுக்கு வேலை நிற்குமா போகுமா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். போனால் அது என்னால் போனது.

ஒன்பதாவது வகுப்பின் நடுவில் படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனராக நெல்லூர் போனேன். அங்கே இறால் பண்ணை, அப்புறம் சூரத்தில் சாயப் பட்டறை, திரும்பி வந்து ராயபுரத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. போன இடங்களில் கண்டதை எழுதி வைக்கிற பழக்கம் மட்டும் கூடவே வந்தது. அதில் நாலைந்து ஒரு சிறு பத்திரிகையில் வந்தன. அதைப் படித்த அந்தப் பள்ளியின் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு கதை எழுதச் சொல்லிக்கொடுங்கள் என்றார். எனக்குப் பட்டம் இல்லாததால் பதிவேட்டில் நூலக உதவியாளர் என்று போட்டார்கள். மற்ற நாட்களில் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன்.

முதல் வகுப்பிலேயே கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"சார், நீங்க எத்தினியாவது சார் படிச்சீங்க?"

"ஒன்பதாவது. அதுலயும் பாதி."

"அப்ப நாங்கதான் சார் ஒங்களுக்கு சீனியரு."

சிரித்து முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு அவனையே எழுப்பி, தாழ்வாரத்தில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே போடச் சொன்னேன். அதற்கு முன்னால் மூன்று பேரை மூன்று இடத்தில் நிறுத்தினேன். ஒருவன் வகுப்பு வாசலில், ஒருத்தி ஜன்னலில், இன்னொருவன் மாடிப்படியின் மேலே. கேன் விழுந்து உடைந்தது. மூவரும் பார்த்ததை எழுதச் சொன்னேன்.

மாடியில் நின்றவன் வந்து, "தலையும் தண்ணியும்தான் சார் தெரிஞ்சிது. யாருன்னே தெர்ல" என்றான்.

"அதையே எழுது."

"தெர்லன்னு எழுதுனா மார்க்கு குடுப்பீங்களா?"

"மார்க்கே கிடையாது."

"அப்ப இன்னாத்துக்கு சார் எழுதணும்?"

ஆனால் எழுதினான். ஒரு சம்பவத்தை எங்கே நின்று பார்க்கிறோமோ அங்கிருந்துதான் சொல்ல முடியும், மற்றது ஊகம் என்பதை அன்று அவர்களுக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்த பாடமே அவ்வளவுதான். அதையே ஒவ்வொரு வாரமும் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் இருக்கிற ஒருத்தராக மாறி, 'நான்' என்று எழுத வேண்டும். எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும், ஒரே ஒரு பொய் மட்டும் கலக்க வேண்டும். எது பொய் என்று வகுப்பில் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. கரும்பலகையில் அந்த விதியைப் பெரிதாக எழுதிப் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசித்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் மாமாவாக மாறி எழுதியவன், காலை எட்டரைக்கு ஆட்டோவில் இரண்டு சீட் காலியாக இருந்தது என்று வாசித்ததுமே, "உடான்சு!" என்று வகுப்பே கத்தியது. அம்மாவாக மாறி எழுதியவன், 'நான் என் மகனை ஒரு நாளும் திட்டியதில்லை' என்றான். "டேய், ஒங்கம்மா திட்றது எங்க தெருவுக்கே கேக்குது" என்றாள் ஒருத்தி.

பிறகு அந்தப் பெண் எழுந்தாள். காலடிப்பேட்டையிலிருந்து வருகிறவள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பேசாமல் இருப்பாள். அவள் அப்பாவாக மாறி எழுதியிருந்தாள். அவர் ஒரு கன்டெய்னர் யார்டில், கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன். கிரேனில் இருப்பவருக்குத் தரை தெரியாது. கீழே நிற்கிறவரின் கையைப் பார்த்துத்தான் கன்டெய்னர் பெட்டியை ஏற்றுவார், இறக்குவார்.

அவள் வாசித்தாள்: 'மேலே இருப்பவருக்கு என் கை மட்டும்தான் தெரியும். பதினோரு வருஷமாக அந்தக் கையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார். தெருவில் எதிரே வந்தால் அவருக்கு என் முகம் தெரியாது. நானும் அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டேன். கையில்லாமல் அவருக்கு நான் யார்?'

தொடர்ந்தாள். பெட்டி ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையில் போன் நடுங்குகிறது. எடுத்துப் பார்த்தால் மகள். 'இன்னாம்மா' என்கிறார். அந்த நேரத்தில் பெட்டியின் மூலை பக்கத்தில் நின்ற ஆளின் காலில் இறங்குகிறது.

"எங்கடி பொய்?" என்றார்கள்.

"கண்டுபுடிங்க."

"கிரேன்காரருக்கு மூஞ்சி தெரியாதுன்றது பீலா" என்றான் ஒருவன்.

"அதான் நிஜம்" என்றாள்.

யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. இது எப்போது நடந்தது, நடந்ததா இல்லையா என்று நான் அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நன்றாக எழுதியிருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்து எழுதியிருக்கிறாள் என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

அவள் தாளின் மேலே, பரீட்சையில் எழுதுகிற பழக்கத்தில், 'கற்பனைக் கட்டுரை' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தாள். கதைக்கு இது எதற்கு, மற்றபடி ஒரு வரிகூட மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். அந்த வரி இல்லாமல் ஒரு நல்ல பிரதி எழுதித் தரச் சொல்லி, கீழே அவள் பேரைப் போடச் சொல்லி, நூலகத்துக்கு வெளியே சுவரில் மற்றவர்களின் தாள்களோடு குண்டூசியால் குத்தி வைத்தேன்.

அவளுடைய தோழி அதை போனில் படமெடுத்துப் பெருமையாக ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள். தோழியின் சித்தப்பாவும் அதே யார்டில்தான் வேலை. திங்கட்கிழமை அந்தப் படம் யார்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'பொண்ணு கையால ஒத்துக்கினாரு மாமு.'

செவ்வாய்க்கிழமை காலை அவள் நூலகத்துக்குள் வந்தாள். யூனிபார்மில் இருந்தாலும் வகுப்புக்குப் போகவில்லை. நின்றபடியே சொன்னாள். விபத்து நிஜம். காலில் அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துக்கொள்வார். தப்பு கிரேன்காரர் மீதா, கை காட்டியவர் மீதா என்று விசாரணை நடக்கிறது. அப்பா கான்ட்ராக்ட் ஆள், பத்து நாளாக வேலைக்குக் கூப்பிடவில்லை. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன் என்கிறார். அதை யாரும் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இந்தத் தாள் வந்த பிறகு கதை மாறிவிட்டது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளையோடு முடித்துவிடுவார்கள்.

"எது பொய்?" என்று கேட்டேன்.

தன் போனை நீட்டினாள். விபத்து நடந்த நாளின் தேதி, பதினோரு மணி நாற்பது நிமிஷம், அப்பாவுக்கு ஓர் அழைப்பு. அவர் எடுக்கவில்லை.

"ரெகார்டு நோட்டு வாங்கியாரச் சொல்லலாம்னு அடிச்சேன் சார். எடுக்கல. எடுத்திருந்தா இன்னா பேசியிருப்பாருன்னு யோசிச்சிகினே இருந்தேன். அதத்தான் எழுதினேன்."

அன்று சாயங்காலம் காலடிப்பேட்டையில் ஒரு டீக்கடையில் மூன்று பேரும் நின்றோம். அவள் அப்பா குள்ளமான மனிதர். என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ சொன்னார்.

"கைய தூக்குனேன் சார்" என்றார். "இப்டி." உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்துக் கையை நிறுத்திவிட்டார். "ஒன்ன இல்ல நைனா, நீ ஊத்து" என்றார் இவர்.

அவள் அவசரமாகப் பேசினாள். "அப்பா, போன காட்டிட்லாம். மிஸ்டு கால்னு போட்டுகீதுல்ல. நீ எடுக்கவே இல்லன்னு தெரிஞ்சிரும்."

"எடுக்கலன்னு தெரியும். பாக்கெட்ல கீதுன்றதும் தெரியும்ல?"

யார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் லாக்கரில் வைத்து, பதிவேட்டில் எழுதி டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும்; அன்று அவர் பேர் அந்தப் பதிவேட்டில் இல்லை. யாரும் வைப்பதில்லை, எல்லாரும் சத்தத்தை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் விசாரணை என்று வந்தால், ஓர் ஆளை அனுப்ப அது போதும்.

அவள் போனை மூடிப் பையில் வைத்தாள். நான் தாளை ஒட்டியவன், தலைப்பை எடுக்கச் சொன்னவன். நான்தான் பேச வேண்டியிருந்தது.

"நானே எழுதிக் கொடுத்தேன்னு சொல்லிடறேன். அவ பார்த்து எழுதினா, அவ்வளவுதான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். அவள்தான் பேசினாள்.

"அது நான் எழுதினது."

"நீ கம்முனு இரு" என்றார் அப்பா.

"சார், அது நான் எழுதினது. நீங்களே சொன்னீங்க, ஒரு வரி கூட மாத்த வேணாம்னு."

"சொன்னேன்" என்றேன்.

அவள் டீயை அப்படியே பலகையில் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை அவருடன் யார்டு ஆபீசுக்குப் போனேன். சேஃப்டி ஆபீசர் ஒருவர், கான்ட்ராக்டர் ஒருவர். அந்தத் தாளின் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தார்கள். அதை எழுதியது நான் என்றதும், அவள் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"நீங்க டீச்சரா?" என்றார் ஆபீசர்.

"ஆமாம்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"ஒன்பதாவது."

அவர் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் சிரித்தார். இப்படிப்பட்டவன் செய்யக்கூடியதுதான் என்று நினைத்திருப்பார்கள்; என் அரைகுறைப் படிப்பு எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

"இந்தப் பொண்ணு அவங்க அப்பா சொன்னதை எழுதியிருக்கு. நீங்க எழுதினதா எதுக்குச் சொல்றீங்க?"

"அவங்க அப்பா எதுவும் சொல்லலை. டீக்கடையில விபத்து பத்தி பேசிக்கிட்டாங்க. நான் கேட்டேன். வகுப்புக்கு மாதிரி வேணும்னு எழுதிக் குடுத்தேன். அழகா எழுதுவா, அதனால அவளைப் பிரதி எடுக்கச் சொன்னேன்."

"டீக்கடைல இதெல்லாம் சொல்ல மாட்டாங்களே." தாளில் விரலை வைத்தார். "கிரேன்ல உக்காந்திருக்கறவருக்கு என்ன தெரியும்? சொல்லுங்க."

"பெட்டியோட கூரை தெரியும். கை தெரியும். ஆள் தெரியாது."

"நீங்க ஏறிப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படி?"

முந்தின இரவு அந்தத் தாளை நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் இந்தக் கேள்வி அதில் இல்லை. "ராயபுரத்துல ஐஸ் வேலை பார்த்தேன் சார். மேலே ஒருத்தன் நின்னு பாளத்தைத் தள்ளுவான், கீழே நான் கை காட்டுவேன். அவனுக்கு ஒரு வருஷம் என் முகம் தெரியாது" என்றேன். ஐஸ் வேலை பார்த்தது நிஜம். மேலே நின்றவனும் நானும் ஒரே அறையில்தான் தங்கியிருந்தோம்.

ஆபீசர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் குடுங்க. 'நான்'னு ஆரம்பிச்சு எழுதுங்க. இது முழுக்க உங்க சொந்தக் கற்பனைன்னு தெளிவா இருக்கணும்."

ஆறு வரி எழுதினேன். பேனா இரண்டு தடவை நின்றது. கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு என் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு, உங்கள் நூலக உதவியாளர் இப்படிப் பிள்ளைகள் பேரில் எழுதி ஒட்டுகிறாராமே, உண்மையா என்று விசாரித்தார். "சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுவாங்க" என்று கான்ட்ராக்டர் அவள் அப்பாவிடம் சொன்னார்.

நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது தாளாளர் வாசல் பக்கத்து அறையிலேயே காத்திருந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. "பிள்ளைங்க எழுதறாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். எல்லாமே நீங்க எழுதினதுதானா?" என்றார்.

இல்லை என்றால் காலையில் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். ஆமாம் என்றால் ஷேர் ஆட்டோவும், திட்டும் அம்மாவும், மாடியில் நின்று தலையை மட்டும் பார்த்தவனும் எல்லாரும் என் பொய்யாகிவிடுவார்கள். "இது மட்டும்" என்றேன். அவர் நம்பவில்லை. சுவரில் இருந்த தாள்களையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார். என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட் அருகில் அவள் நின்றிருந்தாள். தன் தாளை மட்டும் வேறு யாரும் எடுப்பதற்கு முன் எடுத்து மடித்து வைத்திருந்தாள்.

"இந்தாங்க சார்."

"உன்னுது. வச்சுக்க."

"ஒங்களுதுதான சார்? நீங்கதான எழுதிக் குடுத்தீங்க." என் கையில் திணித்தாள். "கிளாஸ்ல எல்லாம் கேக்குறாங்க, அப்ப நீ வாசிச்சது சார் எழுதினதாடின்னு. ஆமான்னுட்டேன். வேற இன்னா சொல்றது?"

அவள் அழவில்லை. திரும்பி வகுப்புக்குப் போனாள். நான் சாலைக்கு வந்து, வடக்கே நடக்க ஆரம்பித்தேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை. இருந்த அறை பள்ளிக்கூடத்துடையது, அதனால் போக வேண்டிய இடமும் இல்லை.

எர்ணாவூர் தாண்டும்போது பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. பழைய மொபெட்டில் அவள் அப்பா. லாரிகளுக்கு நடுவில் நுழைந்து வந்து நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நின்னுச்சு சார்" என்றார்.

"வேலையா?"

"வேல. ஆனா கை காட்ற வேல இல்ல. பெட்டி கழுவுற எடத்துல போட்டுட்டாங்க. வெள்ளிக்கெழமலேந்து வரச் சொல்ட்டாங்க." எண்ணெய் படிந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "வெளிய வரச்சொல கிரேன்காரரு வந்தாரு. என்னாண்ட நின்னு ஏற எறங்கப் பாத்தாரு. 'நீதானா அந்தக் கை'ன்னாரு. நான் இன்னா சொல்றது, ஆமான்னேன். போய்ட்டாரு."

தாளை எடுத்து நீட்டினேன். "இதை அவகிட்ட குடுத்துடுங்க."

கை நீண்டது, பாதியில் நின்றது. "வேணாம் சார். இதுல போன் பாக்கெட்ல கீதுன்னு எழுதிகீது. வூட்ல வச்சா பேஜாரு. கிழிச்சிப் போட்ருங்க."

"கிழிக்க மனசு வரலை."

"அப்ப நீங்களே வச்சுக்கோங்க. இங்க எங்க நடந்துகினு கீறீங்க?"

"சும்மாதான்."

அவர் லாரி வரிசையைப் பார்த்தார். "வேற யார்டு ஒண்ணு கீது, எண்ணூர் தாண்டி. அங்க பெட்டில அடி, ஓட்ட பாக்குற சர்வேயருக்கு எழுதற ஆளு இல்ல. எழுதத் தெரிஞ்சா போதும்னாங்க. காலைல ஏழு மணிக்கு கேட்ல நில்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார். நன்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றிரவு ஒரு ஆந்திரா லாரிக்காரருடன் சாப்பிட்டு அவருடைய லாரிக்கு அடியிலேயே படுத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு கேட்டில் நின்றேன். காவலாளி போனைக் கேட்டார். கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன். பையில் என்ன தாள் என்று கேட்டார், பழைய தாள் என்றேன், விட்டார். சர்வேயர் ஐம்பது வயது மனிதர், வாய் ஓயாமல் பாக்கு மெல்பவர். ஒரு அட்டையையும் பேனாவையும் கொடுத்து, முதல் பெட்டியின் கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

"கதவப் பாத்து நில்லு. ஒன்னோட இடதுதான் பெட்டிக்கு இடது. சுத்திப் போய் அந்தப் பக்கம் நின்னு இடதுன்னு எழுதினா நான் பொறுப்பில்ல."

இடது பக்கத் தகட்டில் ஒரு பள்ளம் இருந்தது. 'லாரி இடித்த பள்ளம்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தார்.

"லாரி இடிச்சத நீ பாத்தியா?"

"இல்லை."

"அப்ப இன்னாத்துக்கு எழுதற? பள்ளம், எவ்ளோ நீளம், எவ்ளோ ஆழம். அத்தோட நிறுத்து." அடித்துத் திருத்தினேன். அவர் அட்டையை வாங்கி, கீழே தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நீ எழுதறதெல்லாம் என் பேர்லதான் போகும். ஒத்துக்கினா இரு."

சரி என்றேன். அடுத்த பெட்டிக்குப் போய்க் கதவைப் பார்த்து நின்றேன்.